பொறுப்பாளர் சாக்பீஸ்

எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை வாயில வச்சதே கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அவரு இருமுறதைக் கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க. டாக்டரே நம்பல. நெஞ்சுல எடுத்த படத்தை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?"ன்னு கேட்டாரு. இவரு சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டே, "நான் பிடிக்கல டாக்டர், அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு"ன்னாரு. டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சிரிக்கிற இடமா அது? ஆனா இவரு அப்படித்தான். தலை போற காரியமா இருந்தாலும் எதிர்ல இருக்கறவங்க சங்கடப்படக் கூடாது, அவ்வளவுதான் இவருக்கு.

சிரிச்சு முடிச்சுட்டு டாக்டர் விஷயத்துக்கு வந்தாரு. நுரையீரல்ல பாதி தழும்பாயிடுச்சு, போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், ஆனா இனிமே புகையில நிக்கக் கூடாது. நின்னா கொஞ்ச காலத்துல படி ஏற முடியாது, அதுக்கப்புறம் உக்காந்து பேசறதுக்கே மூச்சு பத்தாதுன்னாரு. "எங்க வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டாரு. இவரு சொன்னதும் பேனாவை மூடி வச்சுட்டு என்னைப் பாத்தாரு. அவரை இல்ல, என்னை. நான் என்ன முதலாளியா?

வேலை பில்லியர்ட்ஸ் கிளப்புல. பஸ் டிப்போவுக்கு எதிர்ல, கீழ டயர் கடை, மாடியில கிளப். ஆறு மேஜை. மேஜை மேல விரிச்ச பச்சைத் துணியை ஒரே திசையில பிரஷ் போடணும், சுருக்கம் விழாம இஸ்திரி போடணும், பந்தைத் துடைச்சு அடுக்கணும், டீ வாங்கிட்டு வரணும், சாம்பல் கிண்ணத்தை எடுத்துக் கொட்டணும். இவ்வளவுக்கும் ஒரே ஆளு, இவரு. காலையில கிளப்பைத் திறந்தாருன்னா விளக்கு போடற நேரத்துக்குத்தான் வேற ஆள் வந்து மாத்தி விடுவான். பந்தை அடிக்கிற குச்சி நுனியில தேய்க்கிற நீல சாக் இவரு விரல் பூரா ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால அங்க இவருக்கு சாக்பீஸ்னு பேரு. கல்யாணமான புதுசுல நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன். தலையணை உறையில நீலம், தண்ணி டம்ளர்ல நீலம், கதவு கைப்பிடியில நீலம். அப்புறம் விட்டுட்டேன். கோபம் வந்தா நானே "யோவ் சாக்பீஸு"ன்னுதான் கூப்பிடறது.

கிளப்புல ஜன்னலைத் திறக்க மாட்டாங்க. வெயில் பட்டா துணி வெளுத்துடுமாம், காத்து வந்தா தூசி படியுமாம். அதனால கண்ணாடிக்கெல்லாம் கருப்புப் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. மேஜைக்கு நாலு பேரு, நாலு பேரு வாயிலயும் ஒண்ணு புகையும். அதுக்குள்ள இருபது இருபத்தஞ்சு வருஷம் நின்னிருக்காரு மனுஷன். "வேலையை விட்டுத் தொலைங்க"ன்னு நான் அழாத குறையா சொல்லிப் பாத்துட்டேன். "அம்பத்தாறு வயசுல என்னை எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்?"னு கேப்பாரு. நான் வீட்டுலயே பேன்ட் நீளம் குறைக்கிறது, ஜிப் மாத்தறதுன்னு தையல் மிஷின் மிதிக்கிறேன். அது வாடகைக்கு ஓடும். வயித்துக்கு ஓடாது.

நாங்க இருக்கறது மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, அது கட்டடம் கட்டினதுல இருந்து ரிப்பேர். இவரு படி ஏறி வர்ற அழகைப் பாக்கணுமே. முதல் மாடியில குனிஞ்சு ஷூ கயிறைக் கட்டுவாரு. ரெண்டாவது மாடியில பக்கத்து வீட்டுப் பூனையை நிறுத்தி வச்சு விசாரிப்பாரு. மூச்சு வாங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியாதா? அந்த ஷூவுக்குக் கயிறே கிடையாது, மாட்டற ஷூ.

கோழைன்னு நினைச்சுடாதீங்க. வாயில்லாப் பூச்சி, அவ்வளவுதான். ஒருதடவை பார்க் பெஞ்சுல ஈரப் பெயிண்ட் மேல உக்காந்துட்டாரு. பேன்ட் போச்சு. எந்திரிச்சு, பெயிண்ட் அடிச்சவன்கிட்ட போயி, "மன்னிச்சுக்கப்பா, உன் வேலையைக் கெடுத்துட்டேன்"னு சொன்னவரு இவரு. அந்தப் பேன்ட்டை என்னால எந்த வழியிலயும் காப்பாத்த முடியல.

இப்படி இருக்கறப்பதான் அந்தச் செய்தி வந்துச்சு. நான் மிஷின்ல உக்காந்திருந்தேன். டிவியில சொன்னாங்க, நகரத்துல இனிமே கட்டடத்துக்குள்ள எங்கயும் புகை பிடிக்கக் கூடாதுன்னு. ஆபீஸ், ஹோட்டல், கடை, சலூன், கிளப், எதுவும் பாக்கி இல்ல. பிடிச்சா பிடிச்சவனுக்கும் அபராதம், இடம் குடுத்தவனுக்கும் அபராதம். நான் பெடல்ல இருந்து காலை எடுத்துட்டு கைதட்டினேன், சத்தியமா சொல்றேன். தனியா வீட்டுல உக்காந்துக்கிட்டு டிவியைப் பாத்துக் கைதட்டின பைத்தியம் நானாத்தான் இருப்பேன். தெய்வமே வந்து ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

சாயங்காலம் அவரு வந்ததும் ஓடிப் போயி சொன்னேன். "பாக்கலாம்"னாரு. இவரு வாயில இருந்து "பாக்கலாம்"னு வந்தா நடக்காதுன்னு அர்த்தம்.

சட்டப்படி ஒவ்வொரு இடத்துலயும் வாசல்ல ஒரு பலகை மாட்டணும். இங்க புகை பிடிக்கக் கூடாது, மீறினா இவருகிட்ட புகார் சொல்லுங்கன்னு ஒரு பொறுப்பாளர் பேரும் போன் நம்பரும் அதுல இருக்கணும். முதல்தடவை பிடிபட்டா அபராதம். மறுபடி பிடிபட்டா கிளப்பை ஒரு மாசம் பூட்டிடுவாங்க, பொறுப்பாளர் மேல வழக்கு. யாரைப் பொறுப்பாளரா போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? முதலாளியையா?

பலகை மாட்டின அன்னைக்கு மனுஷன் சிரிச்ச முகத்தோட வந்தாரு. பூனையைக் கூட விசாரிக்கல. "இனிஷியலோட எழுதியிருக்காங்க. பெரிய எழுத்துல"ன்னாரு.

"முதலாளி பேரை ஏன் போடல?"

"அவரு எப்பவும் அங்க இருக்க மாட்டாரே. நான்தானே இருக்கேன்."

"நல்லா இருக்குங்க நியாயம்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கல்லாவுல உக்காரும்போது அவரு முதலாளி, கம்பி எண்ணும்போது நீங்க பொறுப்பாளரா? உங்க தலையில நல்லா மிளகா அரைச்சிருக்காரு, எரியுதான்னு கூடத் தெரியாம வந்து நிக்கிறீங்க."

"அப்படியெல்லாம் ஆகாது. நான் பக்குவமா சொல்லிக்குவேன்."

பக்குவமா! அந்தப் பலகையில போட்டிருந்தது எங்க வீட்டு நம்பர். அதை அவரு சொல்லவே இல்ல, மறுநாள் போன் வந்தப்பதான் தெரிஞ்சுது. எடுத்தா ஒரு ஆம்பளைக் குரல், ரொம்ப அதிகாரமா, "மூணாவது மேஜையில சிகரெட் பிடிக்கிறாங்க, நடவடிக்கை எடுங்க"ங்குது. "ஐயா, நான் இங்க ஒருத்தரோட பேன்ட் ஜிப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், நான் என்ன நடவடிக்கை எடுக்கறது?"ன்னேன். அப்புறம் தினமும் வந்துச்சு. ஒருத்தன் கூப்பிட்டு "தீப்பெட்டி கிடைக்குமா?"ன்னு கேட்டுட்டு சிரிச்சுக்கிட்டே வச்சுட்டான். நானும் ஒவ்வொரு தடவையும் கிளப்புக்குப் போன் போட்டு, "மூணாவது மேஜையாம், போயி சொல்லுங்க"ன்னு கத்துவேன். "சரி சரி, சொல்றேன்"னு ரகசியம் பேசற மாதிரி பேசுவாரு.

எப்படிச் சொல்லுவாருன்னு ஒருநாள் கேட்டேன். கிட்ட போயி நின்னு இருமுவாராம்.

"என்னது?"

"வாயால சொன்னா மரியாதையா இருக்காது. லேசா இருமிக் காட்டினா அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். நாள் பூரா இருமற மனுஷன் இருமிக் காட்டினா எவனுக்குப் புரியும்? அவன் நகர்ந்து நின்னு வழி விட்டிருப்பான்.

அங்க ரெகுலரா வர்ற ஒருத்தரு இருக்காரு, வக்கீல். நிஜ வக்கீல்தான், கருப்புக் கோட்டைக் கழட்டிக் குச்சி வைக்கிற ஸ்டாண்டுல தொங்கப் போட்டுட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிப்பாராம். அவரு ஒரு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, தலையை மட்டும் வெளிய நீட்டி, உடம்பை உள்ள வச்சுக்கிட்டு பிடிப்பாராம். "சாக்பீஸு, வாய் வெளிய இருக்கு, நான்தான் உள்ள இருக்கேன். சட்டம் வாய்க்கா, எனக்கா? யோசிச்சுச் சொல்லு"ம்பாராம். இவரும் நின்னு யோசிச்சிருக்காரு! வீட்டுக்கு வந்து என்கிட்ட கேக்கறாரு, யாருக்குன்னு. சட்டம் யாருக்கோ, எனக்குச் சோறு இறங்கலன்னேன்.

இன்னொரு கூத்து. சாம்பல் கிண்ணம் இருந்தாலே குத்தம்னு முதலாளி எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வச்சுட்டாரு. கிண்ணம் போச்சே தவிர சிகரெட் போகல. சாம்பல் எங்க விழும்? பச்சைத் துணி மேலதான். துணியில ஒரு பொட்டு கருகினாலும் முதலாளி இவரைத்தான் கத்துவாரு. அதனால இவரு என்ன பண்ணினாரு, யாராவது வாயில சிகரெட்டோட மேஜை மேல குனிஞ்சா போதும், பூனை மாதிரி போயி கீழ உள்ளங்கையை ஏந்திடுவாரு. சாம்பல் கையில விழும். அவன் பந்தை அடிச்சு நிமிர்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டாரு. யோசிச்சுப் பண்றதில்ல, கை தானா போகுது. உள்ளங்கையில பொட்டுப் பொட்டா சிவந்து கிடந்துச்சு. கேட்டதுக்கு இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சுன்னாரு.

அந்தக் கைதான் மாட்டி விட்டுச்சு. ஒருநாள் மதியம் நகராட்சியில இருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தாங்களாம். அன்னைக்கு எத்தனாவது மாடியோ அவங்களுக்கு, வாசல்லயே நின்னு ஒரு செருப்பைக் கழட்டிக் காலை உதறிக்கிட்டு இருந்தாங்களாம். அந்த நேரம் பாத்து வக்கீல் தூரத்துல இருந்த ஒரு பந்தை அடிக்கக் குனிஞ்சிருக்காரு, உதட்டுல சிகரெட். இவரு கை கீழ. அந்தம்மா எல்லாத்தையும் பாத்துட்டாங்க.

"யாருங்க இங்க பொறுப்பாளர்?"னு கேட்டாங்களாம்.

இவரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கியிருக்காரு. எந்தக் கையை? சாம்பல் இருந்த அதே கையை. சாம்பல் பூரா அவரு தலையிலயும் மூக்குக் கண்ணாடியிலயும் கொட்டியிருக்கு. கிளப்பே சிரிச்சதாம். அந்தம்மா சிரிக்கலயாம்.

கிளப்புக்கு அபராதம், வக்கீலுக்கு அபராதம். இவருகிட்ட, "அடுத்த தடவை இப்படி இருந்தா வழக்கு உங்க மேல வரும், தெரியும்ல?"ன்னாங்களாம். எழுதிக்கிட்டே, "நீங்க பிடிப்பீங்களா?"ன்னு கேட்டாங்களாம். இல்லன்னாரு. "அப்புறம் ஏன் இப்படி இருமறீங்க?" "இங்கயேதானே இருக்கேங்க, அதான்." அந்தம்மா எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பாத்தாங்களாம். "இந்தச் சட்டம் யாருக்காகப் போட்டதுன்னு நினைச்சீங்க? இவங்களுக்காகவா? இவங்க ஒரு மணி நேரம் விளையாடிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நாள் பூரா உள்ள நின்னு வேலை பாக்கறவங்களுக்காகத்தாங்க போட்டது. உங்களுக்காகத்தான்."

இதை அவரு சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு என்கிட்ட சொன்னாரு. அபராதம் விழுந்ததை ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டாரு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. "எனக்காகவாம்." ஒரு கவளம். "எனக்காகத்தான் போட்டாங்களாம்." கை அப்படியே தட்டுல நிக்குது.

இவரு கதை எனக்குத் தெரியும். சின்ன வயசுல அண்ணன் போட்டுக் கழிச்ச சட்டை. எங்க கல்யாணத்துக்கு மச்சானோட ஷூ, அதுவும் ஒரு சைஸ் பெருசு. இன்னைக்கு வரைக்கும் கையில இருக்கறது கிளப்புல யாரோ விட்டுட்டுப் போன குடை. இவருக்குன்னு அளவெடுத்து யாரும் ஒண்ணும் செஞ்சதில்ல, நான் தைச்ச சட்டையைத் தவிர. இப்ப முகம் தெரியாத யாரோ எங்கயோ உக்காந்து, உள்ள நிக்கிறவன் நெஞ்சு என்ன ஆகும்னு யோசிச்சு ஒரு சட்டமே எழுதியிருக்காங்கன்னா மனுஷனுக்கு எப்படி இருக்கும்? சாப்பிடுங்க, ஆறிப் போகுதுன்னு மட்டும் சொன்னேன்.

அபராதம் கட்டின பயத்துல முதலாளி கொஞ்ச நாள் கண்டிப்பா இருந்தாரு. பிடிக்கிறவங்க எல்லாம் கீழ இறங்கி டயர் கடை ஓரமா நின்னு பிடிச்சுட்டு வந்தாங்க. ஜன்னலைத் திறந்து வச்சாங்க. அந்த மாசம் மாதிரி ஒரு மாசம் என் வாழ்க்கையில வந்ததில்ல. இருமல் குறைஞ்சுது. படுத்தா தூங்கினாரு. ஒருநாள் முதல் மாடியில ஷூவைத் தொடாம நேரா ரெண்டாவது மாடிக்கு வந்துட்டாரு. நான் மேல இருந்து எட்டிப் பாத்துட்டு, அவருக்குத் தெரியாம உள்ள வந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்துக்கும் அழுவாங்கன்னு அதுவரைக்கும் நான் நம்பினதில்ல.

மூக்கு இருக்கற வரைக்கும் சளி இருக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஆட வர்ற கூட்டம் குறைஞ்சுது. ரெண்டு மேஜை சும்மா கிடந்துச்சு. முதலாளி கன்னத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாராம். அப்பதான் வக்கீல் சட்டத்தைப் புரட்டி ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாரு. நாலு பக்கமும் மூடின தனி அறை, தானா சாத்திக்கிற கதவு, புகையை வெளிய இழுக்கிற ஃபேன், இதெல்லாம் இருந்தா அதுக்குள்ள மட்டும் பிடிக்கலாமாம். உள்ள டீ, தண்ணி எதுவும் கொண்டுபோய்க் குடுக்கக் கூடாதாம். முதலாளி ஒரு மேஜையை வித்துட்டு அந்த இடத்துல கண்ணாடியில ஒரு அறை கட்டினாரு. அதே அதிகாரி அம்மா வந்து பாத்து அனுமதி குடுத்தாங்க. குடுக்கறப்போ ஒண்ணு சொன்னாங்களாம், "வேலை பாக்கறவங்களைப் புகையில உள்ள அனுப்பக் கூடாது. ஆளுங்களை வெளிய அனுப்பி, ஃபேன் போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கூட்டணும்"னு. முதலாளி தலையைத் தலையை ஆட்டினாராம்.

ஆட்டின தலைதானே, அந்தம்மா படி இறங்கினதும் நின்னுடுச்சு. கண்ணாடி அறையில சாம்பல் கிண்ணம் நிரம்பும், கீழ துண்டு துண்டா கிடக்கும். "சாக்பீஸு, கொட்டு"ன்னு கண்ணாடியில தட்டுவாங்க. இவரு துடைப்பத்தை எடுத்துக்கிட்டு உள்ள போவாரு. முன்ன ஆறு மேஜைக்கும் பரவிக் கிடந்த புகை இப்ப ஒரே பெட்டியில. ஃபேன் இருக்கு, ஆனா சத்தம் போடுதுன்னு அவங்களே நிறுத்திடுவாங்க. டீ குடுக்கத்தான் கூடாது, கூட்டறதுக்கு யாரு கேக்கப் போறா?

என்கிட்ட மூச்சு விடல. "தூசி"ன்னாரு, "சீதோஷ்ணம்"னாரு. மறுபடி முதல் மாடியில குனிஞ்சாரு. ரெண்டாவது மாடியில பூனை போயி ரொம்ப நேரம் ஆச்சு, இவரு மட்டும் நின்னுக்கிட்டு இருந்தாரு.

ஒருநாள் மூச்சுக்கு உறிஞ்சற மருந்தை என் தையல் மிஷின் மேலயே மறந்து வச்சுட்டுப் போயிட்டாரு. அது இல்லாம இருக்க முடியாது. எடுத்துக்கிட்டு நானே பஸ் ஏறிப் போனேன். அந்தப் படியில அத்தனை வருஷத்துல ரெண்டாவது தடவையோ மூணாவது தடவையோ ஏறறேன். உள்ள போயி பாத்தா மேஜைங்க கிட்ட யாரும் இல்ல. மூலையில கண்ணாடி அறை, உள்ள வெள்ளையா, ஆளுங்க முகம் கூடச் சரியா தெரியல. அஞ்சாறு பேரு உக்காந்து பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. இவரு குனிஞ்சு கூட்டறாரு. துடைப்பம் கிட்ட வந்ததும் ஒவ்வொருத்தரா காலைத் தூக்கிக்கறாங்க, பேச்சை நிறுத்தாம, கீழ ஒரு தடவை கூடப் பாக்காம. வீட்டுல சேரை நகர்த்திட்டுக் கூட்டுவோமே, அப்படி. இவரு ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னு இருமிட்டு, மறுபடி குனியறாரு.

எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல. கதவைத் தள்ளித் திறந்துட்டு, "எந்திரிங்கய்யா எல்லாரும்!"னு கத்தினேன். "மனுஷன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உங்க குப்பையை அள்றாரு, காலைத் தூக்கிக் காட்டறீங்களா காலை?"

வக்கீல் சிகரெட்டை விரல்ல வச்சுக்கிட்டே, "அம்மா, கோபப்படாதீங்க. இது சட்டப்படி அனுமதி வாங்கின இடம்"னாரு.

"இடத்துக்கு அனுமதி வாங்கினீங்க. இவரு நெஞ்சுக்கு யாருகிட்ட வாங்கினீங்க?"

முதலாளி ஓடி வந்தாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். அவரு முகத்துலயும் களைப்புதான் இருந்துச்சு. "அம்மா, நீங்களே பாருங்க, அஞ்சு மேஜையும் சும்மா கிடக்கு. இந்த அறைக்காகத்தான் இவங்களாவது வர்றாங்க. ஒரு மணி நேரம் பூட்டினேன்னா இவங்களும் போயிடுவாங்க. அப்புறம் நானும் இல்ல, இவருக்கு வேலையும் இல்ல"ன்னாரு. இவரு என் முந்தானையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே படிக்கு வந்துட்டாரு. "சத்தம் போடாத, கஸ்டமரு"ங்கறாரு. உதடு நீலமா இருந்துச்சு. நான் சாக்னு நினைச்சுத் தொடச்சேன். போகல.

படியில உக்கார வச்சு மருந்தை உறிஞ்ச வச்சேன். மூச்சு அடங்கற வரைக்கும் முதுகைத் தடவிக் குடுத்தேன். அப்புறம் சொன்னேன், "போதுங்க. இன்னையோட விட்டுடுங்க. இருக்கறதை வச்சு சாப்பிடலாம், இல்லன்னா ஒருவேளை சாப்பிடலாம். நீங்க இருந்தா போதும் எனக்கு."

கீழ டயர் கடையில யாரோ சுத்தியலால தட்டற சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

"அந்தம்மா சொன்னாங்கல்ல, வேலை பாக்கறவனுக்காகப் போட்ட சட்டம்னு"ன்னாரு.

"சொன்னாங்க. அதுக்கென்ன இப்ப?"

"வேலையை விட்டுட்டா அது எனக்கு இல்லையே."

நான் மருந்தை மூடி அவரு பையில வச்சேன்.

"எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான்மா. அதையும் நானே விட்டுட்டு வரணுமா? அவங்கல்ல வெளிய வரணும்?"

"சட்டத்தைக் கரைச்சா குடிக்கப் போறீங்க?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு அழுதேன். ஒரு மனுஷன் வாழ்க்கையிலயே முதல்தடவையா பிடிவாதம் பிடிக்கிறாரு, அதுவும் சாகறதுக்கு.

அவரு எந்திரிச்சு மேல போனாரு. நான் படியிலயே நின்னுக்கிட்டு இருந்தேன். கண்ணாடிக் கதவு திறக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவரு குரல். இருமல் இல்ல, குரல். "எல்லாரும் வெளிய வாங்க. ஃபேன் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கூட்டுவேன்." சிரிச்சாங்க. மறுபடி அதையே சொன்னாரு, கொஞ்சம் சத்தமா. "சாக்பீஸுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?"ன்னு யாரோ கேட்டாங்க. மூணாவது தடவை அவரு சொல்றப்போ யாரும் சிரிக்கல. நாற்காலி இழுபடற சத்தம் வந்துச்சு. வக்கீல்தான் முதல்ல வெளிய வந்தாரு, என்னைப் பாத்துட்டு, படி இறங்கிப் போயிட்டாரு.

இதோட நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லி நானும் எந்திரிச்சுப் போயிடலாம். முடியலையே. மறுநாளும் போனாரு, அதுக்கடுத்த நாளும் போனாரு. தினமும் துடைப்பத்தை வச்சுக்கிட்டு அந்தக் கதவுகிட்ட நிப்பாராம், "வெளிய வாங்க"ன்னு சொல்லுவாராம். சில நாள் வர்றாங்க. சில நாள் வர்றதில்ல. கூட்டம் இருக்கற நாள்ல முதலாளி, "இன்னைக்கு ஒருநாள் மட்டும் பாத்துக்கப்பா"ன்னு கெஞ்சறாராம், அப்ப இவரால மறுக்க முடியறதில்ல. புகார் பண்ணலாமேன்னு பக்கத்து வீட்டுல கேட்டாங்க. பண்ணலாம். பலகையில இருக்கறது எங்க வீட்டு நம்பர். அந்தம்மாவைத் தேடிப் போயி சொன்னா கிளப்பைப் பூட்டுவாங்க, வழக்கு இவரு மேல.

அதனால நான் கேக்கறதை விட்டுட்டேன். சாயங்காலம் படியில காலடி கேட்டா கதவைத் திறந்து வச்சுட்டு அடுப்புப் பக்கம் போயிடுவேன். அவரு வந்து சட்டையைக் கழட்டிக் குடுப்பாரு, துவைக்கப் போடறேன்னு வாங்கிக்கிட்டு பாத்ரூமுக்குப் போயி கதவைச் சாத்திட்டு மோந்து பாப்பேன். வாடை இல்லன்னா அன்னைக்கு அவங்க வெளிய வந்திருக்காங்க. இருந்தா இவரு உள்ள போயிருக்காரு. ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கிட்டதில்ல. ஆனா நான் மோந்து பாக்கறது அவருக்குத் தெரிஞ்சு போச்சு போல. இன்னைக்கு வந்தவரு, குளிருதுன்னு சொல்லி, சட்டையைக் கழட்டாமலே போர்த்திக்கிட்டுப் படுத்துட்டாரு.